முன்னிசையில் சொல்லவேண்டிய பெயர்கள்

ஜூலை 24, வியாழன்

போனில் வரும் பாட்டுப் பட்டியலில் நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று முதலிடத்துக்கு ஏறிவிட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன். எழுத்தின் கீழே விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, பத்துப் பாட்டின் பெயரையும் படித்தேன். பத்தாவதுக்கு வருவதற்குள் காபியில் ஆடை படிந்துவிட்டது. எழுபத்துமூன்று வயதில் ஆடை படிந்த காபி இவ்வளவு ருசிக்கும் என்று யார் கண்டது.

போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தது யூனிஸ் டீச்சர். ஜீவனஹள்ளியில் அவர்களுடைய சபை ஹாலில் வாரம் மூன்று மாலை எழுத்து வகுப்பு. லிங்கராஜபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கிலும் இப்படி ஒன்று உண்டு. அங்கே போகவில்லை. இந்த இன்னாசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது கத்தோலிக்கர்களுக்குத் தெரியவேண்டாம் என்று புராட்டஸ்டன்ட்காரர்களிடம் போனேன்.

"தினமும் என்ன தோணுதோ அத எழுதுங்க ஐயா" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாட்டுதான் தோன்றுகிறது. எழுத்துதான் கோணலாக வருகிறது.

ஜூலை 25, வெள்ளி

முதலிடப் பாட்டைக் கேட்டேன். நன்றாக இல்லை. நாளை மறுபடி கேட்கவேண்டும்.

ஜூலை 30, புதன்

பத்தையும் கேட்டு முடித்தேன். சினிமாப் பெயரும் பாடகர் பெயரும் மனதில் நிற்கவில்லை. அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன்.

முதலிடம், குக்கர் பாட்டு. இரண்டு வரிக்கு ஒரு விசில். மூன்றாவது விசிலில் இறக்கிவிடலாம் என்று தோன்றும், விடமாட்டார்கள். இரண்டாவது, காதோரப் பாட்டு. பக்கத்து அறையில் அப்பா அம்மா தூங்குகிறார்கள் என்று பயந்து பாடுகிறவன்போல ஒரு பையன் பாடுகிறான். ஹார்ன் ஸ்பீக்கரில் போட்டால் காற்று மட்டும்தான் வரும். ஐந்தாவது, வக்கீல் பாட்டு. பாடுவதில்லை, வாதாடுகிறான். ஆனால் தாளம் ஒரு இடத்தில்கூட நழுவவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஆறாவதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் ஹார்னில் போட்ட பாட்டு. ஏதோ புதுப் படத்தில் அரை நிமிடம் வருகிறதாம். பிள்ளைகள் அதைப் புதுப் பாட்டு என்று நினைத்துப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். பழைய சிநேகிதனைச் சாயம் பூசிய தலையோடு பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு குறை. முன்னிசை எங்கே போயிற்று? அந்தக் காலத்தில் ஊசியை வைத்தால் முதலில் வயலின் எழும், பிறகு குழல், பாடுகிறவர் வாய் திறக்க முக்கால் நிமிடம் ஆகும். இப்போது கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்தில் ஏழு பாட்டு ஐந்து எண்ணுவதற்குள் குரலோடு வந்துவிடுகிறது. கொஞ்சம் தாமதித்தால் கேட்கிறவர் அடுத்ததற்குப் போய்விடுவாராம். டீச்சர் சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஃபிராங்க்ளின் பிடித்துக்கொண்டான். பங்கின் இளைஞர் குழுச் செயலாளர். செப்டம்பர் பதினான்காம் தேதி பங்கு ஃபேட், கடையும் ராட்டினமுமாக மைதானத்தில் நடக்கும் விழா.

"அங்கிள், இந்த வருஷம் டெடிகேஷன் டேபிள நாங்க பாத்துக்கறோம். ஆண்ட்டியும் மஸ்கட்ல இருக்காங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுக்க கல்பள்ளி கல்லறையில எனக்கு இடம் இருக்குடா. அங்க போய் எடுத்துக்கறேன்."

"இல்ல அங்கிள், நீங்க பழைய பாட்டாவே போடறீங்க. புள்ளைங்க எந்திரிச்சு பேல்பூரி சாப்பிடப் போயிடறாங்க. இப்ப டாப் டென்ல இருக்கறதுல அஞ்சு சொல்லுங்க பாக்கலாம். சொல்லிட்டா மைக் உங்களுக்கு."

ஏழு சொன்னேன். வரிசையாக. நாலாவது நேற்றுதான் இறங்கியது என்பதையும் சொன்னேன். அவன் போனை எடுத்துச் சரிபார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தேன். கதவைத் திறந்ததும் சீட்டுகள் நினைவுக்கு வந்தன.

ஃபேட்டில் எங்கள் மேசை மைதானத்தின் நடுவில் இருக்கும். பாட்டு கேட்கிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நான் அதை மைக்கில் சொல்லிவிட்டுப் பாட்டு போடுவேன். "கபாப் கடை ஓரம் நிற்கும் மஞ்சள் சுடிதாருக்கு, ஹவுசி ஆட்டத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் நீலச் சட்டையிடமிருந்து" என்று சொன்னால் மைதானம் முழுக்கச் சிரிக்கும், எல்லாரும் மஞ்சள் சுடிதாரைத் தேடுவார்கள். முன்னிசை ஓடும்போதே சொல்லவேண்டும். என் பேச்சு முடிகிற இடத்தில் பாட்டுக்காரர் குரல் எழவேண்டும். சிவாஜிநகர் சவுண்ட் சர்வீஸ் கடையில் நாற்பது வருடம் ஹார்ன் கட்டியவனுக்கு அது கைவந்த வேலை. அப்படிச் சீட்டில் ஆரம்பித்துக் கலியாணத்தில் முடிந்தவை, எனக்குத் தெரிந்து நான்கு.

முப்பத்தொரு வருடம் சொன்னேன். ஆனால் சீட்டைப் படித்தது நான் இல்லை. என் மனைவி குளோரியா. எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, என் இடது காதில் சொல்வாள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சீட்டைக் கையில் பிடித்து, படிக்கிற மாதிரி சொல்வேன். அவள் மெல்லும் ஏலக்காய் வாசனை இப்போதும் அந்தக் காதில் இருக்கிறது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மகள் ஜூலியாவுக்குக்கூடத் தெரியாது.

இப்போது குளோரியா மஸ்கட்டில், ஜூலியாவின் பிரசவத்துக்கு. நான் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் இப்போது படிப்பேன் அல்லவா? பின் ஏன் பயம்? சீட்டுதானே. நாலு சொல். படித்துவிடுவேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குக்கர் பாட்டு இன்னும் முதலிடம். இன்று துணி துவைக்கும்போது என் வாயில் அதுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இளைஞர் குழு அறையைச் சுத்தம் செய்தபோது போன வருடச் சீட்டுக் கட்டு கிடைத்ததாம். "ஞாபகத்துக்கு வெச்சுக்கங்க அங்கிள்" என்று ஃபிராங்க்ளின் கொடுத்துவிட்டுப் போனான். படித்துப் பழகலாம் என்று ஆசையாகப் பிரித்தேன்.

இருபத்துமூன்று சீட்டு. ஒன்றுகூடத் தமிழ் இல்லை. எல்லாம் இங்கிலீஷ்.

முப்பத்தொரு வருடம் இந்தச் சீட்டுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். கண்ணுக்கு நேராகப் பிடித்திருக்கிறேன். எந்த மொழியில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காதில் தமிழாகத்தானே வந்தது. இதைவிட ஒரு முட்டாள் உண்டா.

கட்டோடு ஜீவனஹள்ளிக்குப் போனேன். டீச்சர் ஒரு சீட்டைப் படித்தார். "டு சஹானா, ஃப்ரம் ரயான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் ஐயா."

அந்தச் சீட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ராட்டினத்தில் ஏறப் பயந்து இரண்டு டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து, பயமே இல்லாத ஒருவருக்கு" என்று சொன்னேன். மைதானமே கை தட்டியது. சஹானா திரும்பிப் பார்த்தாள். ஜனவரியில் அவர்களுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது.

"ராட்டினம்னு எங்கயாவது இருக்கா பாருங்க."

டீச்சர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இல்லைங்க ஐயா."

இருபத்துமூன்றையும் படிக்கவைத்தேன். பெயர், பெயர், பாட்டு. அவ்வளவுதான். மஞ்சள் சுடிதார் இல்லை. நீலச் சட்டை இல்லை. எல்லாம் அவள் சொன்னது. ஸ்டூலில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்து, அந்தந்த நேரத்தில் அவளே கட்டிச் சொன்னது. ஊரில் எல்லாரும் இன்னாசி அங்கிள் வாயில் ஜோக் கொட்டும் என்கிறார்கள். நானும் நம்பிவிட்டேனே.

இங்கிலீஷ் மூன்று வாரத்தில் வருமா என்று கேட்டேன். "ஏ பி சி வரும் ஐயா. சீட்டு வராது" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

குளோரியா போன் செய்தாள். பேரன் இரவெல்லாம் அழுகிறானாம்.

"ஃபேட்டுக்கு நீங்க உக்கார வேணாங்க. தொண்ட கட்டிடுச்சுன்னு சொல்லிடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"ரயான் சீட்டு ஞாபகம் இருக்கா உனக்கு? ராட்டினம்?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அத யார் எழுதினது?"

"சஹானா பேரச் சொன்னா அவ அப்பன் பந்தல்லயே பையன அடிச்சிருப்பான். அதான் பேரு சொல்லாம ஏதாவது சொல்றது. சரி, பால் பொங்குது, வெக்கறேன்."

நான் படிப்பதை இன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். தொண்டை கட்டிவிட்டது என்று ஃபிராங்க்ளினிடம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மைக்கும் போகும், மானமும் மிஞ்சும். ஆனால் அவள் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

செப்டம்பர் 13, சனி

மிளகுக் கஷாயம் குடித்தேன். தொண்டை மிகவும் நன்றாக இருக்கிறது. என்ன செய்ய.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்று நடந்தது.

ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். பின்னால் ஸ்டூல் இல்லை. ஃபிராங்க்ளின் முதல் சீட்டைக் கையில் கொடுத்தான். இங்கிலீஷ். குக்கர் பாட்டாகத்தான் இருக்கும் என்று அதைப் போட்டுவிட்டேன். முதல் விசில் வந்துவிட்டது, பெயர் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்தேன். பிறகு பாட்டை நிறுத்தினேன்.

என்ன சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. இப்படித்தான் சொல்லியிருப்பேன்: "எனக்கு இது படிக்க வராதுங்க. எந்த வருஷமும் வந்ததில்ல. பின்னாடி உக்காந்து படிச்சது என் வீட்டுக்காரி குளோரியா. நீங்க சிரிச்ச ஜோக்கு எல்லாம் அவளோடது. நான் ஸ்பீக்கர் மாதிரி, அவ்ளோதான். இப்பதான் தமிழ் எழுத்து கத்துட்டிருக்கேன். தமிழ்ல எழுதினா மெதுவா படிப்பேன். இல்லன்னா வந்து வாயால சொல்லுங்க."

ஹவுசியில் எண் கூப்பிடுகிறவர்கூட நிறுத்திவிட்டார். என் காது சூடாகிவிட்டது. ஃபிராங்க்ளின் பக்கம் பார்க்கவில்லை.

முதலில் வந்தது ருக்கு. பங்கு வாசலில் பூ விற்கிறவள். "அண்ணா, எனக்குத் தமிழ்தான் வரும், அதான் இத்தன வருஷமா சீட்டே போடல" என்று எழுதி நீட்டினாள். குக்கர் பாட்டு கேட்டிருந்தாள். யாருக்கு என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதியிருந்தாள். அவள் பின்னால் வரிசை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லாருக்கும் குக்கர் பாட்டுதான் வேண்டும். பிள்ளைகள் வந்து காதில் சொன்னதெல்லாம் நாற்பது வருடத்துப் பழைய பாட்டு. பட்டியல் போடுகிறவர்கள் யாரைக் கேட்டுப் போடுகிறார்களோ.

பெயரைச் சொல்லி முடித்த பிறகே பாட்டைத் தொட்டேன். மெதுவாகத்தான் படித்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. ஜோக் ஒன்றுகூட வரவில்லை. எட்டு மணிக்கு ரயான் மேசைக்கு வந்தான்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"ஆண்ட்டி எப்ப வராங்க?"

செப்டம்பர் 17, புதன்

குளோரியா மூன்று நாளாகப் பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. யாரோ நான் பேசியதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஜூலியா குரல் பதிவு அனுப்பினாள். "அப்பா, அம்மா அத பத்து வாட்டி பாத்துட்டாங்க. அழறாங்களா சிரிக்கறாங்களான்னு எனக்கே தெரியல."

குக்கர் பாட்டு நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசையில் பங்கு மடல் கொடுத்தார்கள். ஃபேட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி, பின்பக்கம் அன்றைய பாட்டுப் பட்டியல், சீட்டு எண்ணிக்கையோடு. அன்று மைக்கில் நான் சொன்ன என் பெயர்களாலேயே பாட்டுகளைப் போட்டிருந்தான் ஃபிராங்க்ளின். அவனுக்குத் தமிழ் எழுத வராதாம், அவன் அம்மா எழுதிக் கொடுத்தாராம். நேற்றே கேட்டிருந்தான், "அறிவிப்புன்னு உங்க பேர் மட்டும் போட்டா போதுமா அங்கிள்?" இரண்டு பெயர் போடு, அவளுடையதை முதலில் போடு என்றேன்.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"முப்பத்தொரு வருஷம் வாய மூடிட்டிருந்தேன். நீங்க ஒரே நிமிஷத்துல ஊருக்கே சொல்லிட்டீங்க."

"உன்னப் பத்தித்தான சொன்னேன்."

"அதான்."

மடலைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். சரி என்று சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. படித்தேன். அறிவிப்பு: குளோரியா, இன்னாசி. அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு பட்டியல். குக்கர் பாட்டு, நாற்பத்தொன்று. வக்கீல் பாட்டு, பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எனக்கு நேரமாகிறது. அவள் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் பக்கம் பேரன் அழுதான். அவனை ஜூலியாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ரொம்ப மெதுவா வாசிக்கறீங்க."

"இவ்ளோதான் வேகம்."

"சரி. மேல வாசிங்க."

கடைசி வரிக்கு வந்தேன். படகுப் பாட்டு. எங்களுக்குக் கலியாணமான மாதம் சிவாஜிநகர் முழுக்க ஓடிய பாட்டு, இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரே ஒரு சீட்டு.

"அதையா? இந்தக் காலத்துல அத யாரு கேட்டது?"

"பேரு போடல."

அவள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து எப்படி இருந்துச்சு?"

கோணலாக இருந்தது என்றேன்.