டோலனுக்கு யார் போய்ச் சொல்வது

கார்வர், கான்சஸ்
மே 9, 2024

அன்பு மகன் வெண்டலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், நாய், என் முழங்கால் வலி மூவரும் சுகம், அங்கே போர்ட்லாண்டில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் எங்களைவிடச் சுகமாக இருக்க ஆண்டவர் துணை. கோதுமை கதிர் விட்டாயிற்று. போன வாரம் ஆலங்கட்டி மழை நம் வயலைத் தொடாமல் பக்கத்து வயலை மட்டும் அடித்துவிட்டுப் போனது, அந்த வயல்காரன் 1986இல் நம் வேலியைத் தள்ளிப் போட்டவன் என்பதால் நான் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, ஜூன்ல நம்ம ஊர்க் கல்லூரிக் குழுவில ஃபுட்பால் விஷயமா ஓட்டெடுப்பு, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை, வாயில் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், கல்லூரி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் வக்கீலுக்கு யோசனை சொல்லலாமா என்றிருந்தது. அப்புறம், அந்த ஃபுட்பால் மைதானத்தில் நீ இருந்ததைவிட நான் இருந்தது அதிகம் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

நீ சொன்ன மூன்று வழியும் எனக்குப் புரிந்தது. எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஆடிய நம் சமவெளிக் கூட்டணியில் மூன்று கழன்றுகொண்டன, மிச்சம் ஐந்து. அந்த ஐந்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்று. எந்தக் கூட்டணியும் இல்லாமல் தனியாக நின்று, யார் வருகிறார்களோ அவர்களோடு ஆடுவது ஒன்று. மூன்றாவது, நம்மைக் கூப்பிடுகிற மேற்குக் கூட்டணிக்குப் போவது. போனால் தொலைக்காட்சிப் பணம் வரும், நம் பையன்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விமானம் ஏற வேண்டும், டோலன் கல்லூரியோடு ஆட்டம் இருக்காது. நவம்பர் கடைசியில் நன்றி நாள் கழிந்த சனிக்கிழமை டோலனோடு ஆடாத வருடம் ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை.

ஒரு வருடம் அவர்கள் இங்கே, மறுவருடம் நாம் நாற்பது மைல் தள்ளி அங்கே, எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்ப் பெண்கள் வந்தவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும், இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும். 1978இல் டோலன் சமையல்கட்டின் தலைவி வெர்னா ஷ்ராக் நம் சர்ச் கீழ்த்தளத்தில் முந்நூறு பேர் நடுவில் என் ரொட்டியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "கடையில வாங்கினதா லவோன்? பரவால்ல, எல்லாருக்கும் கைப்பக்குவம் வந்துடுமா" என்றாள். விடியுமுன் எழுந்து நான் பிசைந்த மாவு. மறுவருடம் அவள் சில்லியில் ஒரு வாய் வைத்துவிட்டு, "வெர்னா, இது இனிமேதான் சில்லி ஆகணுமா?" என்று கேட்டேன். உன் அப்பா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே கார் ஓட்டினார். அன்று அவர் போட்டிருந்த சிவப்புக் கட்டம்போட்ட சட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

2012 நவம்பரில் அப்பா போன மூன்றாம் வாரம் ஆட்டம் இங்கே. ஊரே என்னிடம் கிசுகிசுத்த குரலில் பேசியது, எனக்குத்தான் நோய் வந்ததுபோல. வெர்னா வரிசையில் வந்தாள், கிண்ணத்தை வாங்கினாள், "லாய்டு போனது வருத்தம்தான், அதுக்காக உப்பையுமா மறப்பே?" என்றாள். "உன் கிண்ணத்துல மட்டுந்தான் மறந்தேன்" என்றேன். அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அதனால் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

நேற்று அவள் போன் செய்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "பேப்பர்ல பாத்தேன், என்னடி, எங்களுக்குப் பயந்து ஓடுறீங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்கு எண்பத்திமூணு ஆகுது லவோன், இந்த வயசுல சண்டை போடப் புதுசா ஒருத்திய எங்க போய்ப் பிடிக்கிறது" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

இப்படித்தான் ஓட்டுப் போடு என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரியில் காசில்லாமல் வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், மாணவிகள் விடுதிக் கூரை ஒழுகுகிறது, அதுவும் எனக்குத் தெரியும். மேற்குக்குத்தான் கை தூக்க வேண்டுமென்றால் தூக்கு. ஆனால் அதற்கு முன், மேற்குக்காரர்களிடம் அந்த ஒரு சனிக்கிழமையை டோலனுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேள். ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றாய், நீ இன்னும் கேட்கவே இல்லையே.

கேட்டும் முடியாது என்றார்களானால், அலுவலகத்திலிருந்து டோலனுக்குக் கடிதம் அனுப்பிக் கைகழுவாதே. நீயே வெர்னா வீட்டுக்குப் போ, தொப்பியைக் கழற்று, நின்றுகொண்டே சொல். திட்டுவாள், கேட்டுக்கொள். அப்புறம் சாப்பிடச் சொல்வாள், போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. நன்றாக இருந்தது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம். ஜூனில் வரும்போது முழங்கால் தைலம் இரண்டு குப்பி வாங்கி வா. ஆண்டவர் உன் கையையும் நாவையும் காக்கட்டும்.

உன் அம்மா
லவோன்