என் பெயரில் ஒரு கார் கடன்

மார்ச் 4, செவ்வாய்

வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தவறு அவர்களுடையதுதானாம். பதினோரு மாதம் அலையவிட்டு இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். என் பெயரும் பிறந்த தேதியும் கொண்ட வேறொரு பெண் கார் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருக்கிறாள். அதை என் பெயரில் ஏற்றி, எல்லா வங்கிகளுக்கும் தெரியும்படி செய்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது.

இழப்பீடு தருகிறார்களாம், என் எட்டு மாதச் சம்பளம் அளவுக்கு. “இது குறித்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் மூன்றாம் தேதிவரை அவகாசம்.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, “பரவாயில்லயே, வாங்கிடலாம்” என்றார்.

பரவாயில்லையாமே! கடை போச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?

மார்ச் 5, புதன்

எழுதினால்தான் ஆறும்.

இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடம். முதலாளி கடையை விடுவது என்று முடிவெடுத்தபோது முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். “நீயே எடுத்துக்கம்மா. வெளியாள் கைக்குப் போனா என் மனசு ஆறாது.” அவர் சொன்ன விலைக்கு என் சேமிப்பும் ஒரு கடனும் போதும். வங்கி முடியாது என்றது. காரணம் கேட்டால், “உங்க ரெக்கார்டு சரியில்ல.” முதலாளி ஒரு மாதம் பொறுத்தார். அப்புறம் குட்டி எடுத்துக்கொண்டாள்.

குட்டி என்று கடையில் எல்லோரும் கூப்பிட்ட பெண். ஆறு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது ஃப்ரேமின் ஸ்க்ரூவைக் கழற்றத் தெரியாது. லென்ஸ் பொருத்த, கண் பரிசோதிக்க, குழந்தைகளை அசையாமல் உட்காரவைக்க, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இப்போது ஆள் இருக்கும்போது அவளை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறேன். அவள் கேட்கவில்லை. அப்படிக் கூப்பிட்டால் அவள் முகம் சுருங்குகிறது. அதற்காகவேதான் கூப்பிடுகிறேனோ?

இன்று வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள். நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 8, சனி

கூட்டம். குட்டி சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அந்தப் பல்வரிசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முதல் தடவையாக வந்த ஒருவர். பேராசிரியராம். பரிசோதனை முடிந்ததும் கடையைச் சுற்றிப் பார்த்து, “ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. உங்க சொந்தக் கடையா?” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. “ஏதோ உங்க ஆதரவு சார்” என்றேன்! அவர் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், சொந்தக்காரி மாதிரி.

திரும்பினால் திரைக்குப் பின்னால் குட்டி, கையில் லென்ஸ் பெட்டியோடு. கேட்டிருப்பாளா? பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்குத்தான் காது சுட்டது.

ஆனால் அந்த அரை நிமிடம் எவ்வளவு நன்றாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

வங்கியின் புகார்ப் பிரிவில் இருக்கும் பெண்ணோடு போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினாள்.

“இதுக்கு மேல எங்களால முடியாது மேடம்.”

“என் கடை போச்சும்மா.”

“கடை உங்களுக்குத்தான்னு எழுத்துல ஏதாவது இருக்கா?”

என்ன எழுத்து? முதலாளி வாயால் சொன்னதுதான். அவரும் போன நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். வக்கீல் ஆபீசில் வேலை, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. “அவசரப்பட்டு வாங்காதீங்க அண்ணி. மேல குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். கடை உங்களுக்குத்தான் வர்றதா இருந்துச்சுன்னு, விஷயம் தெரிஞ்சவங்க யாராவது எழுதித் தரணும். அவ்வளவுதான்.”

யாராவது. முதலாளி என்னிடம் பேசியபோது பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைத் தவிர யாருக்குத் தெரியும்?

போயும் போயும் அவளிடமா!

மார்ச் 19, புதன்

கேட்கவில்லை. நாளைக்கு.

மார்ச் 20, வியாழன்

இன்றும் கேட்கவில்லை. அவள் இரண்டு பள்ளிக்கூடங்களோடு பேசி முடித்துவிட்டாள். பிள்ளைகளுக்கெல்லாம் இனி நம் கடையில்தான் பரிசோதனை. ‘நம்’ கடையாம். எழுதும்போது கை தானாக எழுதுகிறது.

மார்ச் 22, சனி

கேட்டுவிட்டேன்.

மதியம் கதவைச் சாத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். விஷயத்தை மொட்டையாகச் சொன்னேன். அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

“எழுதித் தர்றேன்க்கா. நடந்ததுதானே.”

இவ்வளவு சுலபமாகவா? மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் அப்போதே ஒரு தாள் எடுத்து, தேதி போட்டு, முதலாளி சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதினாள். என்னைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவள் தாளை உடனே நீட்டவில்லை.

“அன்னைக்கு அந்தப் பேராசிரியர்கிட்ட நீங்க பேசினது கேட்டுச்சுக்கா.”

நான் என் டப்பாவின் மூடியைத் தேடினேன்.

“அத விடுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். உங்களுக்குத் தப்பு பண்ணது பேங்க். நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ணலக்கா. எங்கம்மா வீட்ட அடமானம் வச்சுத்தான் இத எடுத்தேன். வருஷம் பூரா உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து, ஏதோ திருடிட்டு வந்தவ மாதிரி உள்ள நுழையறேன்.”

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நாள் முழுக்க அவள்மேல் கோபம். சொன்னது சரியாக இருப்பதால்.

மார்ச் 29, சனி

மனுவில் ‘இழப்பு விவரம்’ என்று ஒரு பக்கம். உட்கார்ந்து எழுதினேன். புதுப் பலகை. இரண்டு பள்ளிக்கூடம். லென்ஸ் வெட்டும் புது இயந்திரம். குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. கண்ணாடி ரெடியானதும் போனில் சொல்லும் வழக்கம். பக்கம் போதாமல் பின்புறமும் எழுதினேன்.

நாத்தனார் படித்தாள். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். “அண்ணி, இது உங்க நஷ்டமா, அவங்க சாமர்த்தியமா?”

“நான் எடுத்திருந்தா நானும் இதெல்லாம் செஞ்சிருப்பேன்!”

“செஞ்சிருப்பீங்களா?”

சமையலறைக்குள் போய் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன்.

செய்திருப்பேனா? முதலாளி நடத்திய மாதிரியே நடத்தியிருப்பேன். அதே மேஜை, அதே பலகை, பெயிண்ட் மட்டும் புதுசு. எனக்கே தெரியும்.

மார்ச் 31, திங்கள்

மனு போட்டால் ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை அந்தக் கடையிலேயே உட்கார்ந்து யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் எவ்வளவு செழிக்கிறாளோ அவ்வளவு என் நஷ்டம் பெரிசு. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவளைப் பார்த்துப் புகைய வேண்டும். இது என்ன பிழைப்பு?

தோற்றுப்போகிறேனா? பயந்து ஒதுங்குகிறேனா? தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். “நீ எதச் செஞ்சாலும் சரி, வீட்டுக்கு வந்து அந்தப் பொண்ணப் பத்தியே பேசறத மட்டும் நிறுத்து” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

வங்கிக்குப் போன் செய்தேன். வாங்கிக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் எழுதிய வழவழா கடிதம் வேண்டாம். ‘இந்தப் பெண் கடன் வாங்கவில்லை, தவறு முழுக்க எங்களுடையது’ என்று நேராக எழுதித் தாருங்கள், ரெக்கார்டைத் திருத்திய அத்தாட்சியும் கூடவே வேண்டும் என்றேன். அந்தப் பெண் மேலே கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். சரியாம்.

ஏப்ரல் 3, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

வேலையை விடுவதாகக் குட்டியிடம் சொன்னேன். “என்னாலயாக்கா?” என்றாள். “இல்ல, என்னால” என்றேன். எங்களுக்குள் இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரே நேரான பதில்.

மே 17, சனி

வந்த பணத்தில் கையில் தூக்கிப் போகிற பரிசோதனைப் பெட்டி வாங்கினேன், பழையதுதான். மிச்சத்துக்குச் சின்னக் கடன். ஒரே வாரத்தில் சரி என்றுவிட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், படியிறங்க முடியாதவர்கள், இவர்கள் வீட்டுக்கே போய்க் கண் பார்க்கிறேன். இன்று மூன்று வீடு.

பஸ்ஸில் அந்தக் கடை வழியாகத்தான் வந்தேன். உள்ளே கூட்டம். எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஜூலை 30, புதன்

இந்த மாதம் முதியோர் இல்லம் ஒன்று மொத்தமாகக் கூப்பிட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு பேர்.

சாயங்காலம் குட்டி வீட்டுக்கு வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். இங்கே சுற்றி அங்கே சுற்றிக் கடைசியில், “அந்த இல்லத்துக்கு நானும் போய்க் கேட்டேன்க்கா. உங்களுக்குக் குடுத்தாச்சுன்னாங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் பார்வை பேச்சுக்கு நடுவே நடுவே மூலையில் இருந்த என் பெட்டிக்குப் போய்ப் போய் வந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? ஒரு வருடம் அதைச் சுமந்துகொண்டு அலைந்தவள் நான்.

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று எழுதப்போவதில்லை.

அவளுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். லென்ஸெல்லாம் இனி உன் கடையிலேயே வெட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். விலை பேசினோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.