இன்னொரு பெண்ணும் உதவியாக இருந்தார்

ஜூன் 1, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை.

வியாழக்கிழமை நடைக்கு: வாடாக் கடையில் சொல்லி வைக்க. அல்வாக் கடைக்காரர் மகள் கல்யாணம் முடிந்து கடை திறந்தாரா, கேட்க. தண்ணீர் பாட்டில். டிஷ்யூ. என் செருப்பு வார் தைக்க.

மத்தியானம் இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, போன வாரம் வந்தவர்கள் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். "பூங்கொடியோடு நடந்த அந்த மாலையை மறக்க முடியாது. எங்களோடு சேர்ந்து சாப்பிட்டு, சிரித்து, சொந்தக்காரி மாதிரி இருந்தார். கூட வந்த இன்னொரு பெண்ணும் உதவியாக இருந்தார்."

இன்னொரு பெண்!

இலங்கைக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை நாகப்பட்டினம் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய் இறால் வைத்துப் பொரித்த வாடா, அல்வா, சர்பத் என்று வாங்கிக் கொடுக்கலாம் என்பது யார் யோசனை? ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பேசியது யார்? பூங்கொடி என் கொழுந்தன் பெண்டாட்டி. அவன் சிங்கப்பூர் போனபின் மாடியில் தனியாக இருக்கிறாளே என்று பொங்கலுக்கப்புறம் தண்ணீர் பாட்டில் தூக்க நான்தான் கூப்பிட்டேன்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க. உனக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?" என்றார் இவர்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூன் 2, செவ்வாய்

செருப்பு தைத்தாயிற்று. அல்வாக் கடை திறந்திருக்கிறது.

கப்பல் ஆட்கள் தங்குகிற லாட்ஜின் மேனேஜர் போன். "வியாழக்கிழமை பெரிய கூட்டம்ங்க. பூங்கொடி மேடம் வருவாங்கல்ல? அவங்களைத்தான் கேக்கறாங்க."

அவள் மேடம். என்னை இதுவரை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"அவ ஊருக்குப் போறாளே" என்று வாயில் வந்துவிட்டது.

"ஒருநாள் தள்ளிப் போகச் சொல்லுங்களேன்."

"அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லங்க."

போனை வைத்தேன். மாடிக்குப் போய் அவளிடம், இந்த வியாழன் நடை இல்லை, ஆள் வரவில்லை என்றேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"அப்ப நன்னிலம் போயி அம்மாவப் பாத்துட்டு வந்துடறேங்க்கா. நாத்தங்காலுக்கு விதை தெளிக்கறாங்களாம். உங்களுக்கு ஏதாவது கொண்டாரவா?"

"ஒண்ணும் வேணாம்."

ஊருக்குப் போகிறாள் என்றது உண்மையாகிவிட்டது. மற்றதுதான் பொய்.

ஜூன் 4, வியாழன்

அவள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். சாயங்காலம் நான் மட்டும். நீலப் புடவை.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. துறைமுகம், பழைய கடைத்தெரு, எல்லாக் கதையும் சொன்னேன். தலையாட்டினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். வாடாக் கடையில், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு இறாலை முதலில் பிய்த்துத் தின்ன வேண்டும் என்று அவள் ஒரு வேடிக்கை சொல்வாளே, அதை நானும் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைக்கார பாய் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு ஜல்லிக்கரண்டியோடு திரும்பிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். "பூங்கொடி எண்ட பிள்ளை வரேல்லையோ? போன மாசம் என்ர தங்கச்சி வந்தவ. திரும்பி வந்து அவவின்ர கதைதான்." பையிலிருந்து ஒரு பொட்டலம். பனங்கட்டி, நம்மூர்க் கருப்பட்டி மாதிரி. "தங்கச்சி தந்துவிட்டவ. அவவிட்ட குடுங்கோ."

"அவளோட அம்மாவுக்கு உடம்பு முடியல. ஊருக்குப் போயிருக்கா."

"ஐயோ, என்ன வருத்தம்?"

"காய்ச்சல்" என்றேன். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

சர்பத் கடையில் அந்த அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆளாளுக்கு வந்து, பூங்கொடியின் அம்மாவுக்காக வேண்டிக்கொள்வதாக என்னிடம் சொன்னார்கள். இல்லாத காய்ச்சலுக்கு நின்று நன்றி சொன்னேன்.

பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால்.

ஜூன் 5, வெள்ளி

வந்துவிட்டாள். நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். பையைக்கூட இறக்காமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

யாழ்ப்பாணத்து அம்மா காலையில் லாட்ஜில் நம்பர் வாங்கி அவளுக்கே போன் செய்து விசாரித்திருக்கிறார். போனை எடுத்தது அவள் அம்மா.

"எங்கம்மா வயல்ல நின்னுட்டிருந்தாங்க. காய்ச்சல் தேவலையான்னு அவங்ககிட்டயே கேட்டிருக்காங்க. ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

மீன் கையோடு நின்றேன்.

"நான் வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. நல்லா இருக்கறவங்களைப் போயி படுக்கையில போட்டுட்டீங்களே. அதுலேருந்து அம்மா சோறே சாப்பிடல, மனசு என்னமோ பண்ணுதுன்னாங்க."

"எல்லாரும் உன்னையே கேக்கறாங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதுதான் உண்மையும்.

"அதுக்கு எங்கம்மா என்னக்கா செஞ்சாங்க?"

மாடிப்படி ஏறிப்போனாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பனங்கட்டியை எடுத்துப்போய் அவள் கதவருகே வைத்துவிட்டு வந்தேன். அடுப்பில் போட்டிருந்த மீன் கருகிவிட்டது.

ஜூன் 9, செவ்வாய்

மேகமூட்டம். தூறல் இல்லை.

லாட்ஜ் மேனேஜர் இனி அவளிடமே நேராகப் பேசிக்கொள்வாராம். இவர்தான் வந்து சொன்னார். முகம் பார்க்காமல்.

சாயங்காலம் பெருங்காயம் வாங்கப் போனவள், வாடாக் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டேன். அவள் கூட்டம். நடுவில் அவள், வாயில் வாடாவோடு பேசுகிறாள். நான் பேசினால் கொட்டாவி விடுவார்களே, அதே துறைமுகக் கதை. அவள் சொன்னபோது குழந்தைகூட வாய் திறந்து கேட்டது.

யாரோ கேட்டார்கள், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

"எங்கக்கா சொல்லிக் குடுத்தது. இந்த வழியே அவங்க போட்டதுதான்."

என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடிப்பு என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆறுதலும் இல்லை.

பெருங்காயம் வாங்காமல் திரும்பினேன்.

ஜூன் 11, வியாழன்

துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள். என் புடவையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள்.

"சனிக்கிழமை கூட்டம் அதிகம். ரெண்டாப் பிரிக்கணும். பாதிப் பேரை நீங்க கூட்டிட்டு வர்றீங்களாக்கா?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"இன்னும் கோவமாத்தான் இருக்காங்க. நானுந்தான்." புடவையை என் கையில் வைத்தாள். "வருவீங்களா, மாட்டீங்களா?"

பார்க்கலாம் என்றேன்.

போவேன். அவள் முன் கூட்டத்தோடு போவாள். பின்னால் வருகிறவர்கள் எட்டி எட்டி அவளையே பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும். போவேன்.