அம்மாவின் செல்களுக்கு வெறும் வயிறு

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எண் இறங்கவே மாட்டேங்குது" என்றாள். உடல் எடையைச் சொல்கிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். முறைத்தாள்.

சோதனையில் இருக்கும் காலரா தடுப்பு மருந்துதான் விஷயம். உயிருள்ள கிருமி, நச்சைப் பிடுங்கியாயிற்று. அப்படியும் குடித்த சிலருக்கு வயிறு கடமுடா. கிருமி விடும் ஒரு நொதி குடல் செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை வெட்டுகிறது என்பது அம்மாவின் கட்சி. குட்டிக் கிண்ணங்களில் செல் வளர்த்து, நொதியை ஊற்றி, மின்தடை அளக்கிறாள். பிணைப்பு விட்டால் எண் இறங்கணும். அது மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 5

அம்மாவின் கைப்பேசி அலாரம்: "குழந்தைகளுக்குச் சாப்பாடு." குழந்தைகள் என்றால் செல்கள். "பெற்ற குழந்தைக்கும்" என்று சேர்த்துவைத்தேன். கிடைத்தது ஒரு முறைப்பு, ஆறிய பால்.

மார்ச் 6

இன்று கிண்டல் இல்லை. அடுத்த வெள்ளிக்குள் எண் இறங்காவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழா என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். நொதி நிரபராதி, அம்மாவுக்குக் கோப்பு அடுக்கும் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

மாதக் கடைசியில் கப்பல் வேலைக்குக் கிளம்பும் அப்பாவுக்கு, கடையில் விற்கும் காலரா மருந்து. பிஸ்கட் பக்கம் போன அவர் கையில் அம்மா ஒரு தட்டு தட்டினாள்.

"வெறும் வயித்துலதான் குடிக்கணும்."

"அப்பாவுக்கு மட்டும் பட்டினியா? உன் செல்லத்துக்கெல்லாம் நொதி ஊத்தறப்போ சாப்பாட்டை எடுத்துடுவியாம்மா?"

"எடுத்தா வாடிப்போயிடும்டி, அதுல சீரம் இரு—"

பாதியில் நின்றுவிட்டாள்.

செல்களின் சாப்பாட்டில் கலந்திருக்கும் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுமாம். "தெரிஞ்ச விஷயம்தானே... பாவம் பார்த்தே கெடுத்தேன்" என்று சுவரிடம் சொன்னாள். அந்தச் சந்தில் அப்பா பிஸ்கட்டை முடித்துவிட்டார். மருந்து நாளைக்கு.

மார்ச் 13

செல்களைக் கழுவி, சீரம் இல்லாமல் ஊற்றுகிறாளாம். மாலைவரை தகவல் இல்லை. ஒரு கிண்டல் எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். எனக்கென்ன ஆச்சு?

மார்ச் 14, வெள்ளி

எண் இறங்கிவிட்டது. நொதி ஊற்றாத கிண்ணங்களில் எண் அசையவில்லை. அந்த நொதி இல்லாத கிருமியைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"யார் சொன்ன யோசனைன்னு கேட்டாங்களா?"

"வீட்ல ஒரு வாயாடி இருக்குன்னேன்."

சாப்பிடும்போதும் மீட்டரின் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். என் கணக்கு மார்க் இறங்கியபோதெல்லாம் இந்த முகத்தை எங்கே வைத்திருந்தாள்?