கத்தியைக் கீழே வைக்காதவள்

அக்கா,

நேற்று நியூ ஜெர்சியில் அந்த வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவரில் அந்தப் பிரெஞ்சு ஓவியத்தின் நகல் இன்னும் தொங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வேலைக்காரி ஒருத்தி, மடியில் காய், கையில் கத்தி, எங்கோ பார்க்கிறாள். அவளுக்குக் கீழே நின்றுதான் ஒன்பது வருடம் நீங்கள் அந்த வீட்டுக்குச் சமைத்தீர்கள். நீங்கள் செத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அடுப்படியில் இப்போது வேறு யாரோ.

உங்கள் படம் ஒன்று கேட்கத்தான் போனேன். திருச்சியிலிருந்து உங்கள் மகள் கேட்டாள். "பாஸ்போர்ட் போட்டோதான் இருக்கு. அதுல அம்மா அம்மா மாதிரியே இல்ல. மாலை போட, சிரிச்ச மாதிரி ஒண்ணு வேணும்."

வீட்டுக்கார ஆன்ட்டி ஐபேடில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பர்த்டே, கொலு, கிராஜுவேஷன். எதிலும் நீங்கள் இல்லை. ஒன்றில் மட்டும், கேக் தட்டை நீட்டும் ஒரு கை.

"அவங்க எங்களுக்கு ஃபேமிலி மாதிரிம்மா. போட்டோ எல்லாம் அவங்கதான் எடுப்பாங்க, அதான்."

ஃபேமிலியாம். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முன்பு ஒரு வருடம் அதே வீட்டில் நான் பிள்ளை பார்த்துக்கொண்டே ஓவிய வரலாறு படித்தேன். அப்போது உங்கள் லீவு நாளொன்றில் ரயிலேறி, நியூயார்க் மியூசியத்தில் அந்தச் சமையலறைப் படத்தின் அசலைப் பார்க்கப் போனோம். அதன் முன் நெடுநேரம் நின்றீர்கள்.

"இவள யாரோ கூப்பிட்டிருக்காங்க. ஆனா கத்திய கீழ வைக்கல பாரு. வெச்சா திட்டு விழும்."

சுவர்க் குறிப்பில் வரைந்தவர் பெயர் இருந்தது, மியூசியத்துக்குக் கொடுத்தவர் பெயரும் இருந்தது.

"இவ பேரு?"

"போடலக்கா. இது தனி ஆளோட படம் இல்ல. அந்தக் கால வாழ்க்கையக் காட்டுற படம், அவ்ளோதான்."

"ஆள் இல்லாமயா இவ்ளோ நேரம் குனிஞ்சு உக்காந்திருந்தா?"

நான் படமெடுக்கப் போனை எடுத்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா, படத்த மறைக்குது" என்றேன். சட்டென்று நகர்ந்தீர்கள். நகர்ந்து பழகிய உடம்பு.

இன்று காலை, அன்று என் போனில் எடுத்த படங்களைத் தேடி எடுத்தேன். பதினான்கு. கத்தி, காய்த்தோல், அவள் கழுத்துத் துணி என்று கிட்டப் போய் எடுத்தவை. ஒன்றின் ஓரத்தில் மட்டும் உங்கள் மெரூன் ஸ்வெட்டரின் கை தெரிகிறது.

உங்கள் மகளிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. "கிடைச்சுதா?"

அந்த வீட்டின்மேல் எறிய எடுத்த கல் இன்னும் என் கையிலேயே இருக்கிறது, அக்கா.