கழித்தல் பாடம்

செஞ்சி, 14.3.1964

அன்பு மனைவிக்கு,

நேற்று ஆசிரியப் பயிற்சியின் கடைசித் தேர்வு. தேர்வாளர் முன்னால் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்த வேண்டும். தலைமையாசிரியர் வழக்கம்போல ஐந்தாம் வகுப்புக் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி அங்கே உட்கார வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பில் பாதிக்குமேல் சேரிப் பிள்ளைகள். அத்தனை பேரையும் கோட்டைப் பக்கம் விளையாட விரட்டிவிட்டார். இதற்குப் பெயர் மாதிரிப் பாடமாம்! ஐந்தாம் வகுப்புக்காரர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, நானே போய் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன்.

ஒருவருக்கும் பதில் வரவில்லை.

"இன்னாய்யா, ஒண்ணுக்கும் தெரியலையே?" என்றார் தேர்வாளர்.

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு சார்?"

மணியடிக்கும் நேரத்தில் ராயம்மாள் என்ற சிறுமி பதின்மூன்றில் எட்டைக் கழித்து, "அஞ்சு சார்!" என்று கத்தினாள். அதற்குள் அவர் மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

செப்டம்பரில் மறுபடியும் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வேலையும் நம் குடித்தனமும் அதற்குப் பிறகுதான். உன் நைனா கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடு. திட்டை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செப்டம்பரிலும் இதையே செய்யப்போகிற
உன் கணவன்