நெற்றியில் உடைத்த மொட்டாம்புளி

மச்சாள்,

இன்று காலை வெல்லாவெளி வயல் வட்டைக்குப் போனேன். நம் வயல் வரம்போரம் மொட்டாம்புளி காய்த்துக் கிடந்தது, காற்றடைத்த சின்னக் கூடுகளுக்குள் மஞ்சள் பழங்கள். கை தானாக நீண்டது.

இதே வரம்பில்தான் மூன்று வருடத்துக்கு முன் நாம் நின்றோம். புருசனை இழந்து அண்ணனும் நீயும் இருந்த வீட்டுக்கு நான் வந்து நாலு மாதம். “இவளும் வயலுக்கு வரட்டும்” என்று அண்ணனிடம் வாதாடி என்னைக் கூட்டிப்போனவள் நீ. பழத்தை நீ எப்போதும் நகத்தால் உரித்துத்தான் தின்பாய். எனக்குச் சின்ன வயதுப் பழக்கம் போகவில்லை. கூட்டை நெற்றியில் அடித்தேன், ‘பட்’டென்று வெடித்தது.

பக்கத்துப் பற்றைக்குள் கிளை முறிந்தது. தனியன் யானை ஒன்று காதை விரித்து நம்மைப் பார்த்து நின்றது.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். “ஓடாதகா. அப்படியே நில்லு.”

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அது இரண்டடி முன்னே வைத்தது. உன் நகம் என் தோலில் இறங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, காட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் அண்ணன் கொதித்தார். “ஆனை நிக்கிற இடத்தில ஆர் சத்தம் போட்டது?”

நான் வாய் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். “நான்தான் மொட்டாம்புளி உடைச்சன்.”

“இனி நீ வட்டைப் பக்கமே போகப்படாது” என்றார். பிறகு குசினி அடுப்படியில் நான் அழுதபோது, “எனக்கு வீடு இருக்கு. உனக்கு வட்டையை விட்டா என்னகா இருக்கு?” என்றாய்.

நான் உண்மையைச் சொல்லாமலே இருந்துவிட்டேன், மச்சாள். வயல் என்றால் உயிரை விடும் நீ, போன மாசியில் காய்ச்சல் கொண்டுபோகும்வரை அந்த மண்ணை மிதிக்கவே இல்லை. வெட்கம் என்னைத் தின்றது.

இன்று மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். “அண்ணன், அண்டைக்கு உடைச்சது நான்.”

அவர் நிமிரவில்லை. “தெரியும். அவள் எந்தக் காலத்தில நெத்தியில உடைச்சவள்?”

“தெரிஞ்சும் ஏன் அவளை மறிச்சீங்க?”

“பயம் புள்ள. ஒருத்தியையாவது வீட்டில வெச்சுக் காப்பாத்தலாமெண்டு நினைச்சன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு பிடிகூட வாயில் வைக்கவில்லை.

நாளைக்கும் வட்டைக்குப் போவேன். இப்போது நானும் நகத்தால்தான் உரிக்கிறேன். பற்றைக்குள் ஏதாவது அசைந்தால் ஓடுவதில்லை. மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன்.